முழங்கையில் கிளம்பிய சூடு

ஆயுத பூஜைக்கு எங்கள் ஸ்கேன் சென்டரில் சி.டி. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். பூஜை விடுமுறை முடிந்ததும் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அதையெல்லாம் சுத்தமாகத் துடைப்பவள் நான். எனக்கு இந்த விஷயங்களில் அவ்வளவுதான் நம்பிக்கை. ஸ்கேன் அறைக்குள் யாரோ நடக்கிறார்கள் என்று எங்கள் வாட்ச்மேன் ஒரு சமயம் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று ஸ்டூல் போட்டு ஏறிக் காட்டியதும் நான்தான். அதற்கப்புறமும் அவர் நம்பவில்லை என்பது வேறு கதை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வாட்ச்மேனை நான் பார்த்தேனே, அதே பார்வை. பார்த்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இன்னொன்று, இந்த மாதிரிக் கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் எல்லாம் எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் இதில் கிடையாது. நல்ல மத்தியான வெயில். எங்கள் புதுச்சேரியில் மத்தியானம் கடைகளை மூடினால் சாயங்காலம்தான் திறப்பார்கள், தெருவில் ஆள் இருக்காது. அப்படி ஒரு நேரம். நான் டப்பாவைத் திறந்து புளிச்சாதத்தில் கை வைத்திருந்தேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விஷயம் பிடிபடும். நான் சி.டி. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேன் உண்டு. வெறுமனே படம் எடுத்தால் ரத்தமும் கட்டியும் ஒரே சாம்பல் நிறத்தில்தான் தெரியும். அதனால் முழங்கை மடிப்பில் ஊசி போட்டு, இன்ஜெக்டர் என்கிற மெஷின் வழியாகக் கான்ட்ராஸ்ட் மருந்தை வேகமாக ஏற்றுவோம். மருந்து போகிற இடமெல்லாம் படத்தில் வெள்ளையாகும், கட்டி இருந்தால் அந்த வெள்ளைக்குள் கறுப்பாக நிற்கும். ஆனால் மருந்து அந்தக் குழாயில் தங்காது. வந்ததும் தெரியாது, போவதும் தெரியாது, சில விநாடிதான். அதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். முந்தினால் மருந்து வந்திருக்காது, பிந்தினால் தாண்டிப் போயிருக்கும். இரண்டிலும் படம் சாம்பல்தான், டாக்டர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது.

அந்த மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும். இதைச் சொல்லாமல் நான் யாரையும் மெஷினுக்குள் அனுப்பியதே இல்லை. கையில் கிளம்பும், தொண்டைக்கு வரும், அடிவயிற்றில் இறங்கும், சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும், ஆனால் போயிருக்காது, பயப்படாதீர்கள் என்று ஒப்பிப்பேன். எத்தனை வருஷமாக ஒப்பிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்தச் சூடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் அந்த மருந்தைப் போட்டதில்லை. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் சொல்வது.

அன்று வந்தவள் பெயர் பிலோமினா. நாற்பதைத் தாண்டியவள், எங்கள் நெல்லித்தோப்பிலேயே இருக்கும் தையல்காரி, ஆனால் அதுவரை நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் எலும்பு உடைந்து, ஆபரேஷன் செய்து, சில வாரங்கள் படுக்கையில் இருந்திருக்கிறாள். தையல் பிரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. காலில் உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்று அவளைப் பார்த்த டாக்டருக்குச் சந்தேகம். ஆபரேஷன் ஆன உடம்பு, நிச்சயமாகத் தெரியாமல் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் ரத்தம் எங்காவது பீறிக்கொள்ளும். கொடுக்காமல் விட்டால், கட்டி இருந்தால், ஆளே இருக்க மாட்டாள். படம் வந்தால்தான் முடிவு.

அதோடு முடியவில்லை. பிலோமினாவுக்கு ஒரு கிட்னிதான். இன்னொன்றை எப்போதோ அவள் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டாளாம். இருக்கிற ஒன்றும் அன்றைக்குத் திணறிக்கொண்டிருந்தது. எங்கள் டாக்டர், அதாவது படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"விஜயா, ஒரு டோஸ்தாம்மா. இது வீணாப் போச்சுன்னா இன்னைக்கு ரெண்டாவது தடவை கிடையாது. கிட்னி தாங்காது."

புளிச்சாதத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

அவள் புருஷன் அந்தோணி ஆட்டோ ஓட்டுகிறவர். வெளியே பெஞ்சில் உட்காராமல், கையில் அவளுடைய கழற்றிய வளையல்களையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். உள்ளே படுத்திருந்தவளுக்குத் தன்னைப் பற்றிக் கவலை இருந்த மாதிரியே தெரியவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னது இதுதான்.

"சீக்கிரம் விட்டுடுங்க மேடம். பொண்ணு பரீட்சை முடிஞ்சி வந்துருக்கும். வீட்ல பூட்டு தொங்கறத பாத்தா பயந்துடும்."

எனக்கும் பெண் இருக்கிறாள். சரிம்மா, சரிம்மா என்று சொல்லிக்கொண்டே வலது முழங்கை மடிப்பில் இருந்த ஊசியில் குழாயைப் பொருத்தினேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வைத்தேன். சூட்டைப் பற்றி ஒப்பித்தேன். மூச்சை ஆழமாக இழுக்கக் கூடாது, நான் சொன்னதும் அப்படியே நிறுத்தினால் போதும் என்றும் சொன்னேன். இந்த ஸ்கேனில் ஆழமாக மூச்சை இழுத்தாலும் படம் கெட்டுப்போகும். வயிற்றுப் பக்கமிருந்து மருந்து கலக்காத ரத்தம் உள்ளே பாய்ந்து மருந்து நீர்த்துவிடும். அதனால்தான் மெஷினில் இருக்கும் ரெக்கார்டிங் குரலை அணைத்துவிட்டு நானே மைக்கில் சொல்வேன். எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். டாக்டர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

மருந்து ஏறுவதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் பெரிய குழாயின் மேல் திரையில் ஒரு சின்ன வட்டம் போட்டு வைப்போம். மருந்து அங்கே வந்து வட்டம் வெளுத்ததும் மெஷின் தானாகவே ஸ்கேனை ஆரம்பிக்கும். வட்டம் போட்டேன். மைக்கில், மருந்து ஏறப்போகுதும்மா என்றேன். பட்டனை அழுத்தினேன்.

அப்போதுதான் அவள் சிலுவை போட்டாள்.

நல்ல காரியமோ, பயமோ, பஸ் கிளம்புவதோ, எதுவாக இருந்தாலும் நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வது கிறிஸ்தவர்களுக்குக் கைப்பழக்கம். அதை யோசித்தெல்லாம் செய்வதில்லை. மற்றவர்கள் சாமி பேரை வாய்க்குள் முணுமுணுப்பார்கள், அதனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பிலோமினா தலைக்கு மேலே இருந்த வலது கையை, ஊசி இருந்த அதே கையை, மடக்கிக் கீழே கொண்டுவந்து நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள் என்று நிதானமாகத் தொட்டாள். முழங்கை மடங்கியதும் குழாய் நெரிந்தது, இன்ஜெக்டர் கத்த ஆரம்பித்து வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. கை மார்புக்குக் குறுக்கே வந்ததில் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் இழுத்துக்கொண்டன. உடம்பும் அசைந்துவிட்டதால் என் வட்டம் எதன் மேலே நிற்கிறதென்றே தெரியவில்லை.

மைக்கில் கையை மேலே தூக்கச் சொன்னேன். பாவம், உடனே தூக்கிவிட்டாள். இன்ஜெக்டர் மறுபடி தள்ள ஆரம்பித்தது. ஆனால் மருந்து எவ்வளவு போனது, எங்கே நிற்கிறது, யாருக்குத் தெரியும்? மேல் கையில் கெட்டியாகத் தேங்கி நின்ற மருந்தே திரையில் கோடு கோடாக அடித்துக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மருந்து வீண். ஓடவிட்டால் குருட்டாம்போக்கில் ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும்.

டாக்டர் பின்னாலிருந்து, "இப்ப போடும்மா" என்றார்.

வழக்கமாக அழுத்தும் நேரம் அதுதான். என் விரலும் பட்டனுக்குப் போய்விட்டது. நம்பினால் நம்புங்கள், அப்போதுதான் என் வலது முழங்கை மடிப்பில் ஒரு சூடு கிளம்பியது.

ஏதோ பட்டுவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. வெளியில் இல்லை அது, தோலுக்கு உள்ளே. வெந்நீரை மெல்லிசான குழாயில் விட்ட மாதிரி முழங்கையிலிருந்து மேலே ஏறியது. ஏறியது என்றால் ஒரே சீராக இல்லை, கொஞ்சம் ஏறி, நின்று, யாரோ தள்ளிவிட்ட மாதிரி மறுபடி ஏறியது. அக்குளுக்கு வந்தது. காறை எலும்புக்குக் கீழே வளைந்தது. அந்த வழியை எனக்குத் தெரியும், தினமும் திரையில் பார்க்கிற வழிதானே. ஆனால் அதை உடம்புக்குள் பார்த்ததில்லை. டாக்டர் இரண்டாவது தடவை, "விஜயா, போடு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். இன்னும் வரல சார் என்று என் வாய் சொன்னது. எது வரவில்லை என்று அவர் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேனோ தெரியாது.

சூடு நெஞ்சின் நடுவுக்கு வந்து லேசாகப் பரவியது. மைக்கில் மூச்சை நிறுத்தச் சொல்லி, பட்டனை அழுத்தினேன்.

அதற்கப்புறம் அது என்னை விடவில்லை. தொண்டைக்கு ஏறியது, நாக்கில் பழைய சாவியை வைத்த மாதிரி ஒரு ருசி, அப்புறம் அப்படியே சரசரவென்று அடிவயிற்றுக்கு இறங்கியது. நான் ஒப்பிக்கிற பாடம் வரி பிசகாமல் என் உடம்பில் நடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எழுந்து பாத்ரூமுக்கு ஓடிப் புடவையைத் தொட்டுப் பார்த்தேன். நனைந்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது டாக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு படத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அதற்குப் பின்னாலும் எடுத்ததில்லை. நுரையீரல் குழாய்கள் அத்தனையும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, நுனிக் கிளை வரைக்கும் தெரிந்தன. பெரிய குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி, தடியாக ஒரு கறுப்பு. சந்தேகப்பட இடமே இல்லை. டாக்டர் உடனே போனை எடுத்தார்.

பிலோமினாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றே கட்டியைக் கரைக்கும் மருந்து போட்டார்கள், பிழைத்துக்கொண்டாள். அந்தோணி இரண்டு நாள் கழித்து வந்து சொன்னபோது நான் அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன். ஏன் மேடம் அழறீங்க, நல்லா இருக்கா என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

டாக்டரிடம் சூட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாகச் செய்கிற கைக்கு உனக்கே தெரியாமல் ஒரு கணக்கு ஓடும், இன்ஜெக்டர் திணறிய சத்தத்தைக் கேட்டு அது நேரத்தைத் தள்ளிப் போட்டிருக்கும், பதற்றத்தில் உடம்பு சூடானதை நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய் என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. யாருக்குத்தான் பிடிக்காது, எல்லாம் என் திறமைதான் என்றால்? அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

சில வாரம் கழித்துப் பிலோமினாவே வந்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் வீட்டில் செய்த கேக். கேக்கைக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. தான் கையை இறக்கியதற்கு மன்னிப்பு வேறு கேட்டாள். பழக்கதோஷம், விடும்மா என்றேன். இப்போதெல்லாம் மெஷினில் படுக்க வைக்கும்போதே, சிலுவை போடுவதானால் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். சில பேர் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். போகும்போது வாசலில் நின்று அவள் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். நீங்க சூடா இருக்கும்னு சொன்னீங்களே, எனக்கு அது வரவேயில்ல. வரும் வரும்னு பாத்துகினே இருந்தேன். சில்லுன்னுதான் இருந்திச்சு. அது எப்படித்தான் இருக்கும்?"

முழங்கையில் கிளம்பி எப்படி ஏறும், எங்கே நிற்கும், எங்கே இறங்கும் என்று சொன்னேன், முதல் தடவையாகத் தெரிந்து சொன்னேன். எனக்கு வந்தது என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்டேன், சில பேருக்குச் சூடு தெரியாது என்றார். உண்மைதான், எனக்கும் தெரிந்த விஷயம்தான் அது.

அதிலிருந்து பிலோமினா என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். என் ஜாக்கெட்டெல்லாம் அவள் தையல்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக என் வீட்டுக்கு வருவாள், காப்பி குடிப்பாள், மகளைப் பற்றிப் பேசுவாள், போவாள். இதோடு முடிந்திருந்தால் நான் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

போன வருஷம் எனக்கு வயிற்றில் விடாமல் ஒரு வலி. எங்கள் டாக்டர் கான்ட்ராஸ்ட் கொடுத்து ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். வீட்டில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தலைவலி என்றாலே ஊரைக் கூட்டுகிறவர். ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, வழக்கம்போல வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பிப் போய், நான் இத்தனை பேரைப் படுக்க வைத்த மெஷினில் நானே படுத்தேன். எனக்குக் கீழே வேலை பார்க்கும் பிரியாதான் எடுத்தாள். வலது கையில் நரம்பு கிடைக்காமல் தேடித் தேடி, கடைசியில் இடது கையில் குத்தினாள். உடம்பு சூடாகும் மேடம், பயப்படாதீங்க என்று என் பாடத்தை எனக்கே ஒப்பித்தாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

காத்திருந்தேன். இன்ஜெக்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. கையில் சில்லென்று ஏதோ ஓடியது. அவ்வளவுதான். தொண்டையில் ஒன்றும் இல்லை, நாக்கில் ஒன்றும் இல்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை. படம் நன்றாக வந்தது, பயப்படும்படி ஒன்றும் இல்லை, மாத்திரையில் வலி போய்விட்டது. சில பேருக்குத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் ஸ்கேன் எடுத்துக்கொண்டது டாக்டரையும் பிரியாவையும் தவிர யாருக்கும் தெரியாது. அவர்கள் இருவருக்கும் பிலோமினாவின் வீடு எந்தத் தெருவில் என்றுகூடத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிலோமினா வந்தாள். காப்பியை வாங்கி வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த சூடு எப்படி இருக்கும்னு கேட்டேன்ல, எனக்கு வந்துடுச்சிக்கா. வியாழக்கெழமை மத்தியானம். மிஷின்ல உக்காந்து தெச்சிகினு இருக்கேன், மொழங்கையில கெளம்பி, அப்படியே மேல ஏறி, தொண்டைக்கு வந்து, கீழ எறங்கிச்சு. நீங்க சொன்ன மாதிரியேதான். எழுந்து பொடவையக்கூடத் தொட்டுப் பாத்தேன்."

எந்தக் கை என்று மட்டும் கேட்டேன். தன் வலது கையைத்தான் காட்டுவாள், அவளுக்கு ஊசி போட்ட கை அதுதானே, அப்படிக் காட்டினால் ஏதோ பழைய ஞாபகம் என்று விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

"எடது கைக்கா" என்றாள்.

முந்தானையை இழுத்து என் இடது முழங்கையை மூடிக்கொண்டேன். ஊசி குத்திய இடம் அப்போதும் பச்சையும் நீலமுமாகக் கன்றிப் போயிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லியேக்கா? எனக்கு என்னமோ உங்க நெனப்பாவே இருந்திச்சு. ஒரு ஜெபம் சொல்லிட்டுதான் மறுபடி தெக்க உக்காந்தேன்."

ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருக்கேன் என்றேன். அது உண்மையும்கூட. அவள் போன பிறகு கதவைச் சாத்தினேன். பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட அதிகமாக இருந்தது வேறொன்று. யாருக்கென்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு வைத்த குங்குமத்தை நான் துடைக்கவில்லை, அது தானாக உதிர்கிற வரைக்கும் இருந்தது. வாட்ச்மேன் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

இப்போதெல்லாம் அடுப்பருகில் நிற்கும்போது முழங்கை கொஞ்சம் சூடானால்கூட அடுப்பை அணைத்துவிட்டுப் பிலோமினாவுக்குப் போன் போட்டுவிடுகிறேன். சில நாள் அவள் முந்திக்கொண்டு எனக்குப் போடுகிறாள். எதற்குக் கூப்பிட்டோம் என்று இரண்டு பேரும் சொல்வதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டு வைத்துவிடுகிறோம்.